பனியனில் தைத்த மிதவை

மாமா,

பேரனைப் பார்க்க எளாவூருக்கு, கீதா வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன். இறால் தொக்கு சட்டியில் இருக்கிறது, சோறு மட்டும் வடித்துக்கொள். வெளியே போனால் சாவியை ரஞ்சித் வீட்டில் கொடு.

நீ தூங்கும்போது போடுகிற மூச்சு மெஷினின் மாஸ்க்கைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். மூக்குக்கு மட்டும் போடுகிற புதுசு. வாயையும் சேர்த்து மூடுகிற பழசைத் தேடாதே. நீ ஒருக்களித்தால் தலையணை இடித்து அது நழுவிவிடுகிறது.

மல்லாந்தால்தான் உனக்கு மூச்சு அடைக்கிறது, புரண்டால் உறுத்தட்டும் என்று பனியன் முதுகில் இரண்டு வலை மிதவை தைத்தேன். நீ அதைப் பிய்த்து வலையில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாய். கேட்டால், "மிதவை கெடச்சா வலைல கட்டாம இன்னாமே பண்ணுவாங்க?" என்று சிரிப்பு வேறு. அதனால்தான் மூன்று நாளாக நான் பேசவில்லை.

நீயும் மூன்று நாளாக எனக்கு முதுகைக் காட்டியே படுக்கிறாய். கோபம் என்று நினைத்தேன். நேற்று மாஸ்க் பற்றிக் கேட்க ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். "புது மாஸ்க் வாங்கின அன்னிக்கே அண்ணன் கேட்டாரும்மா, அதோட ஓட்டைலருந்து வர்ற காத்து உங்க மூஞ்சில அடிக்காம எப்படிப் படுக்கறதுனு" என்றார்.

வாடைக்காற்றில் நின்று மீன் விற்றவள் நான். இந்தக் காற்றுக்கா பயப்படுவேன்?

இருசம்மா

மறந்துவிட்டேன்: பனியனில் மறுபடி தைத்திருக்கிறேன். இந்த முறை உடைந்த மிதவை, வலைக்கு ஆகாது.

இன்றைக்கு என் பக்கம் திரும்பிப் படு.