மா தீரிக்குப் போட்ட 'சரி'

செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை.

பத்து நாள் கழித்து மா தீரி இன்று பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த அவள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்களாம். பக்கவாதம் வந்தபின் அவருக்குப் பர்மிய மொழி மறந்துபோய்த் தமிழ் மட்டுமே மிஞ்சியது. அம்மா பர்மியர். அப்பாவோடு பேசத்தான் என் ஆரம்பத் தமிழ் வகுப்பில் சேர்ந்தாள்; டீச்சரான என்னைச் 'சயாமா' என்பாள். நானோ எழுத்தெல்லாம் முடியாமல் பேச்சைத் தொட மாட்டேன். அசட்டுப் பிடிவாதம். இரண்டு மாதமாக வெறும் எழுத்துதான்.

கடைசியாக அவர் பேசியதைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். குரல் தெளிவாக விழட்டும் என்று இரண்டு கையாலும் போனைப் பிடித்து, அவர் வாயருகே வைத்திருந்தாளாம்.

"அப்பா என்ன சொல்றாரு, சயாமா?" என்று, அதைப் போட்டுக் காட்டிப் பர்மிய மொழியில் கேட்டாள்.

ஒரே குழறல். மூன்றாம் தரம்தான் புரிந்தது.

"பயமா இருக்கும்மா. கையப் புடிச்சுக்க."

"நல்லா இரும்மான்னு சொல்றாரு" என்றேன்.

அதை மெதுவாகச் சொல்லச் சொல்லி, நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பழக்கதோஷம், சிவப்பு மையில் 'சரி' போட்டுக் கொடுத்துவிட்டேன்.