பிறந்த வீட்டுக் கோடி

என் பிரியமான தேசம்மா அக்காவுக்கு,

மேனாம்பேட்டிலிருந்து எழுதுகிறேன். மீன் கவுச்சி இல்லாத இடத்தில் உங்களுக்குத் தூக்கமே வராதே, இப்போது எங்கே, எப்படித் தூங்குகிறீர்கள்?

நானும் இவரும் உங்கள் குப்பத்துக்கு முதன்முதலில் ஊழியத்துக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இவர் கையில் பைபிள், என் கையில் கைப்பிரதிகள். வெயிலில் வாசல் வாசலாக நின்றவர்களை நீங்கள்தான் உள்ளே கூப்பிட்டீர்கள். வஞ்சிரத்தை வறுத்துத் தட்டில் வைத்ததும், இன்றைக்கு உபவாசம் என்று இவர் நெளிந்தார்.

"நாங்களும் ஆடியில வெரதம் இருக்கறவங்கதான் தம்பி. ஊட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா எங்க ஆத்தா என்னிய சும்மா உடுமா? துன்னு. உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றீர்கள். இவர் சாப்பிட்டார். இன்னொரு துண்டு வேறு கேட்டு வாங்கினார்.

அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தோம். ஜெபம் முடியும்வரை உட்கார்ந்திருந்து எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வீர்கள். எழுந்து போய் உங்கள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவீர்கள். இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் குழம்பு கொதிக்கும்போது அந்த வருத்தம் போன இடம் தெரியாது.

"எந் தம்பி வந்துகீறான்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வீர்கள். சென்னையில் கண்டக்டருக்கும் நாம் தம்பிதான், காய்கறிக்காரருக்கும் தம்பிதான். அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

உங்கள் மகள் கோமதி போனில் அழுததும் ஓடிவந்தோம். வழியில் பெரிய மலர்வளையமாகப் பார்த்து வாங்கினோம். எங்கள் சபையில் அதுதான் வழக்கம். அதை உங்கள் காலடியில் வைத்துவிட்டு இவர் ஜெபம் செய்யக் கண்ணை மூடினார். பக்கத்து வீட்டு ராணியம்மா விடவில்லை.

"இன்னா பாஸ்டரு, பூவ தூக்கிகினு வந்துகீற? பொறந்த ஊட்டுக் கோடிப் பொடவ எங்க?"

"அதெல்லாம் அவங்க சொந்தக்காரங்க..."

"அதுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு கீறாங்க? அண்ணன், தம்பி எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்துட்டு நின்னவ. தம்பி, தம்பின்னு உன்னியத்தான சொல்லிகினு இருந்தா? கோடி வராம நாங்க தூக்க மாட்டோம்."

இவர் என்னைப் பார்த்தார். சடங்குகள் கூடாது என்று மேடையில் பேசுகிற மனிதர். ஒரு புடவை இல்லாமல், பிறந்த வீட்டில் கேட்க ஆளில்லாதவராக நீங்கள் போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "போங்க" என்றேன். யாருடைய பைக்கிலோ ஏறிப் போனார்.

கடையிலிருந்து போன் செய்தார். "அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" எனக்குத் தெரியவில்லை. சட்டென்று உங்களைக் கேட்கத் திரும்பினேன் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகையே வந்தது.

அரக்குச் சிவப்பில் வாங்கி வந்து, பெண்கள் சொல்லச் சொல்ல, தன் கையாலேயே போர்த்தினார். கழுத்துவரை சரியாக இழுத்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் உங்களைத் தூக்கினார்கள்.

போன ஞாயிறு சபையில் ஒருவர் கேட்டேவிட்டார்: "பாஸ்டர், நீங்களே போய் இந்தச் சடங்கெல்லாம் செய்யலாமா?" இவருக்குக் கோபம் வரவில்லை. "எங்க அக்கா செத்துட்டாங்க பிரதர். புடவை போர்த்தினேன்" என்றார். முகப்பேரிலிருந்து வருகிற சகோதரி ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டவர் இந்த வாரம் வருவாரா என்று தெரியாது. வராவிட்டால் போகட்டும்.

கோமதிக்குத் தை மாதம் கல்யாணம் பேசுகிறார்கள். தாய்மாமன் சீரை யார் கொண்டுவருவது என்று ராணியம்மா இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்காது. தட்டுகளோடு முன்னால் இவர் நடப்பார், பின்னால் நான் வருவேன். வாக்கு கொடுக்கிறேன்.

நாத்தனார் தொல்லை இல்லாத மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் இவரைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்தார்கள். எனக்கு ஒரு நாத்தனார் இருந்தார் என்பது நீங்கள் போன அன்றுதான் தெரிந்தது.

உங்கள் தம்பி மனைவி,
கிரேஸ்