கழுத்து நீளும் மனைவி

மார்ச் ஒன்பதாம் தேதி. இன்றோடு எனக்கு அறுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும்.

என் கணவருக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்கவில்லை என்று பொய் எழுத வேண்டாம்.

நான் நலம். ஜப்பானியப் பழங்கதைப் பேய்கள் உலவும் அந்த வீடியோ கேமுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நேற்று எனக்கு வாய்த்தது, வீடு உறங்கியதும் கழுத்து நீண்டு அடுத்த அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு மனைவிப் பேய்.

"அம்மா, கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்கிற மாதிரி மூச்சு விடணும்," என்றாள் பதிவை நடத்தும் பெண்.

விட்டேன்.

"முதல் தடவையிலேயே ஓகே! ரொம்ப நாள் பழக்கம் போலிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்கள் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம்.

ஸ்டூடியோ வண்டி வந்துவிட்டது. ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். குழந்தையில்லை என்று என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்ன உங்கள் அம்மாவிடம், "அவ போனா நானும் கூடவே போயிடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டீர்களே, அன்று நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நன்றி சொன்னால் ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். முதுகலை படித்தவளுக்கு நாற்பது ஆண்டுகளாக அது முடியவில்லை.