கூடு மாற்றும் நேரம்

என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு, ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் இந்த எசன் நகரில் நாங்கள் வழக்கமாக எடுக்கும் மண்டபத்தில்தான் நடந்தது. பருப்பில் உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சமைத்தவர்களைப் பகிடி பண்ணியிருப்பீர்கள். சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான் உப்பைப் பற்றி எழுதுகிறேன்.

பந்தி தொடங்கும் நேரம் உங்கள் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்து ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். பச்சை மேலங்கி, மார்பில் பதக்கங்கள். முன்னால் வந்தவர் சனிக்கிழமைகளில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று இலக்குக்குச் சுடும் ஹொர்ஸ்ட்.

"ஆர் பிள்ளை உவை? பொலிஸோ?" என்று சின்னம்மா என் காதுக்குள் கேட்டா.

"அண்ணையோட போலிங் விளையாடுற ஆக்கள்."

சனம் என்ன கதைக்கும் என்று பயந்து பல வருடமாக நான் சொல்லிவந்த பொய் அது. துவக்குக்குத் தப்பி அகதியாக வந்தவர் இங்கே சந்தா கட்டித் துவக்குப் பிடிக்கிறார் என்பது எனக்கே விளங்கவில்லை. கேட்டபோது, "அந்தச் சத்தத்துக்கு இனியும் பயந்துகொண்டிருக்க ஏலாதடி" என்றீர்கள்.

ஹொர்ஸ்ட் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஜெர்மனில் பேசினார். உறவுகளுக்காகத் தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார்.

துவக்கில் ரவைகளை அடைத்துச் செருகும் கூட்டுக்கு, அந்த மகசினுக்கு, பத்து ரவைக்கு மேல் கூடாது என்று அளவு வைக்கும் சட்டம் வந்த காலத்தைப் பற்றித்தான் சொன்னார். நேர்மையானவர்களைத் தண்டிக்கும் சட்டம் என்று கழகக் கூட்டத்தில் எல்லோரும் கொதித்தார்களாம். அப்போது நானும் தொலைபேசியில் உங்களோடு வாதாடினேன், நினைவிருக்கிறதா? "பத்துக்கும் முப்பதுக்கும் என்ன அண்ணை வித்தியாசம்? கொல்ல வாறவன் மூண்டு கூடு கொண்டு வருவான்." "ஓம், நீ படிச்சவள்" என்று சிரித்து விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கூட்டத்தில் நீங்கள் எழுந்தீர்களாம். "நானும் தங்கச்சியும் மதகுக்குக் கீழே ஒளிந்திருந்தோம். சுட்டவன் கூடு மாற்றினான். அந்த நேரத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்று அவள் இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். கூடு பெரிதாக இருக்கலாம் என்று நான் எப்படிக் கை உயர்த்துவேன்?"

அந்த மதகு எனக்கு நினைவிருக்கிறது. என் வாயைப் பொத்திய உங்கள் கை, கழன்றுபோன என் செருப்பு. ஏன் அந்தக் கணத்தில் ஓடினீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணை நல்ல மனுசன், விளையாட்டிலயும் கெட்டிக்காரன் எண்டு சொல்லுறார்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹொர்ஸ்ட் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தமிழ் இவ்வளவு சுருக்கமான மொழியா என்று நினைத்திருப்பார். நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகளை நான் மறந்துபோனேன். பின்வரிசை முழுக்க அவர் சொன்னது விளங்கியிருந்தது. பாயச வாளியோடு உங்கள் மகள் என்னிடம் வந்தாள்.

"மாமி, அவர் அப்பிடிச் சொல்லேல்லையே."

நான் வாளியை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"அம்மாக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்காது. அவவுக்கு ஆர் சொல்லுறது?"

"ஹொர்ஸ்டுக்கு இன்னொரு வடை வை, போ" என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால் இங்கே அந்த விவாதம் திரும்பவும் தொடங்கிவிடுகிறது. சட்டம் போட்டால் கொலைகாரன் நிற்பானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்ன வித்தியாசம் என்று உங்களைக் கேட்டேனே, அந்த வித்தியாசத்துக்குள்தான் நான் ஐம்பது வயதை நெருங்கியிருக்கிறேன்.

ஏன் அண்ணை எனக்குச் சொல்லவில்லை? நான் பயந்துவிடுவேன் என்றா? இல்லை, ஆதாரம் கேட்பேன் என்றா?

நாளைக்கு அண்ணியிடம் போகிறேன். மதகிலிருந்து தொடங்கிச் சொல்வேன். மகளும் பக்கத்தில் இருக்கட்டும், நான் எதையாவது விட்டால் திருத்த. வருடம் திரும்பி வரும் ஆட்டைத் திவசத்துக்கு ஹொர்ஸ்டை நானே கூப்பிட்டுவிட்டேன், பச்சை மேலங்கியோடுதான் வரவேண்டும் என்று. அவர் மறுபடியும் பேசுவார். சின்னம்மாவை முன்வரிசையில் இருத்தி, ஒரு சொல் விடாமல் நான் தமிழில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய
தங்கச்சி