நாலரை மணிச் சங்கு

ராயபுரம்,
பவ வருடம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி பூவம்மாவுக்கு உன் அப்பா மனம் நிறைய ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நான், உன் அம்மா, பட்டம்மாள் அத்தை மூன்று பேரும் முக்கால் சுகம். முழுச் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அரைச் சுகம் என்று எழுதினால் அழுவாய், அதனால் நடுவில் ஒன்றைப் பிடித்துப் போட்டிருக்கிறேன். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை கருணாகரனும் குழந்தையும் எத்தனை பங்கு சுகம் என்பதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டியது.

போன கப்பலில் வந்த உன் கடுதாசியை உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். குழந்தை பிறந்து எட்டு மாதமாக லயன் வீட்டு வாசலைத் தாண்டித் தண்ணீர்க் குழாய்க்கு அப்பால் நீ காலெடுத்து வைக்கவில்லை என்றும், அரிசி மில் லீவு விடும் ஞாயிறுகளில் ஏரிக்கரைப் பக்கம் போய்வரலாம் வா என்று மாப்பிள்ளை கூப்பிட்டும் நீ போவதில்லை என்றும், குழந்தை உன் கையை விட்டால் வேறே ஒருவர் கையிலும் தரிப்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டாம் தரம் கேட்டுவிட்டு உன் அம்மா, அவளும் என்னெ மாரியே ஆயிட்டா பாரு என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். உன் அப்பன் நாலாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் இதையே பத்து வரியில் முடித்திருப்பான், என்ன செய்வது.

இங்கே எங்கள் பாடு உனக்குத் தெரிந்ததுதான், கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே. விடியுமுன் எழுந்து போய் பாய்லருக்குக் கரி போட்டு ஆவி ஏற்றி, பட்டறைச் சங்கை ஏழு மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு ஒரு தரம், ஒன்றுக்கு ஒரு தரம், நாலரைக்கு ஒரு தரம் நான்தான் ஊதுகிறேன். கயிற்றைப் பிடித்து இழுக்கிற வேலைக்கு ஊதுகிறேன் என்று சொல்லிக்கொள்வதே ஒரு பெருமைதான். பேட்டை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைக்கிறது, பிள்ளையைத் தூங்கப் போடுகிறது. எனக்கோ இருபத்திரண்டு வருஷம் அதன் அடியிலேயே நின்று இடது காது சுத்தமாக அடைத்துப் போச்சு, வலது காதும் முன்மாதிரி இல்லை. உன் அம்மா திட்டும்போது இது சௌகரியமாயிருக்கிறது என்று சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இப்போதெல்லாம் அவள் திட்டுவதும் குறைந்துவிட்டது, அதுதான் எனக்கு பயம்.

அத்தைக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது. வாய் கோணி, பேச்சுக் குழறினாலும் அதிகாரம் மட்டும் குழறவில்லை. திருப்புவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் உன் அம்மாதான். அதைவிடப் பெரியது சாப்பாடு. உன் அம்மா கை தவிர வேறு கையால் ஒரு கவளம் வாங்கமாட்டாள். உன் அம்மா சுரமாய்ப் படுத்த அன்று நான் ஊட்டப் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிர் வீட்டு ஸ்டானிஸ்லாஸ் மனைவி பிலோமி வந்தாள், அவளுக்கும் அதே மரியாதை. அன்று முழுக்கப் பட்டினி கிடந்தாள் என் அக்காள். அன்றோடு உன் அம்மா வாசலைத் தாண்டுவதை விட்டுவிட்டாள், குழாயடிக்கு மட்டும் போய் ஓடி வருவாள். அப்படிப் போன இடத்தில்தான் தை மாதம் ஒருநாள் காலிக் குடத்தோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். வரிசை அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. பிலோமி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். இன்னா ஆச்சு முத்தம்மா என்று நான் கேட்டதற்கு, ஒன்னும் இல்ல, கால் எங்க போவறதுன்னு மறந்துட்ச்சி என்றாள். கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு, இதுக்கு மருந்து என் பாட்டில்ல இல்ல அப்பாவு, எங்கனா இட்டுக்கினு போய் ரெண்டு நாழி காத்து வாங்க வையி என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்த பின் தூக்கம் வரவில்லை. பெண்டாட்டியை எங்கும் அழைத்துப் போகாத ஆள் என்று ஒரு கம்பவுண்டருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். பத்து நாள் கெஞ்சினேன். கடைசியில் பிலோமிதான், நீ போக்கா, நா பாத்துக்கிறேன், தண்ணி கேட்டா குட்க்கிறேன், இந்தக் கிழவி உன்னெ துண்ணுட்டு தான் உடுவா என்று அத்தையின் காதுபடவே சொன்னாள். காலை ஒன்பதுக்கு அத்தைக்கு வயிறு நிறைய ஊட்டிவிட்டு, ஆறு மணிக்குள் திரும்பி அடுத்த வேளையை ஊட்டுவது என்று உன் அம்மா கணக்குப் போட்டுக்கொண்டாள். புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டிக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷனில் வண்டி ஏறி எண்ணூரில் இறங்கினோம். திருவொற்றியூர் தாண்டுகிற வரை அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, அத்தை இருமுவாளே, போர்வை நழுவுமே என்று வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எண்ணூர்க் கழி உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நீ சின்னக் குழந்தை. கடல் உள்ளே வந்து ஏரி மாதிரி படுத்துக் கிடக்கும், முழங்கால் ஆழம், அடியில் மணல் தெரியும். நான் ஸ்டானிஸ்லாஸிடம் தூண்டில் இரவல் வாங்கிப் போயிருந்தேன். முதல் வீச்சில் என் வேட்டி மாட்டியது. இரண்டாம் வீச்சில் சவுக்கு மரம் மாட்டியது. மூன்றாவதில் ஒரு நண்டு வந்து இரையை மட்டும் தின்றுவிட்டு நிதானமாய்ப் போயிற்று. உன் அம்மா கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காலை மட்டும் தண்ணீரில் விட்டிருந்தாள். அப்புறம் என்ன தோன்றிற்றோ, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அங்கே இரண்டு பெண்கள் குதிகாலால் மணலைத் தோண்டி மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், இவளும் அவர்களோடு சேர்ந்து தோண்ட ஆரம்பித்தாள். காலில் மட்டி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து என்னைப் பார்த்துக் காட்டுவாள். ஒரு சமயம் வழுக்கி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவும் இல்லை, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி சிரித்தாள். பூவம்மா, உன் கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. நான் ஒன்றும் பேசாமல் தூண்டிலைப் பார்க்கிறவன்போல உட்கார்ந்திருந்தேன், பேசினால் போய்விடுமோ என்றுதான். சோறு தின்றோம். நான் மர நிழலில் சாய்ந்தேன். எறும்புகள் என்னைச் சாப்பிட்டன, இருந்தும் தூங்கினேன். விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. கெளம்பலாமா முத்தம்மா என்றேன். இன்னாத்துக்கு அவசரப்பட்ற, நாலரெ சங்கே இன்னும் ஊதல, அது ஊதினா அப்பால அஞ்சி மணி வண்டிக்கி நேரம் கீது என்றாள். அதானே என்று நானும் திரும்பிப் படுத்தேன்.

நீ சிரிக்கிறாயா, சிரி. ஊரில் அந்தச் சங்கை இழுக்கிறவன் நான். நான் எண்ணூர் மணலில் படுத்துக்கொண்டு அது ஊதட்டும் என்று காத்திருக்கிறேன். அன்று ஞாயிறு, பட்டறையில் பாய்லரே பற்றவைக்கவில்லை. பற்றவைத்து ஊதியிருந்தாலும் எண்ணூர் வரை கேட்காது. கேட்டிருந்தாலும் என் காதுக்கு எட்டாது. இத்தனையும் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் மஞ்சளாகி மட்டி பொறுக்கினவர்கள் கூடையைத் தூக்கிக் கிளம்பின பிறகுதான் எனக்கு லேசாய் உறுத்தியது. நண்டு விற்றுக்கொண்டு வந்த ஒரு ஆளை நிறுத்தி, நைனா, நாலரெ சங்கு ஊதிட்ச்சா என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நாயித்துக்கெயமெல எவன்யா சங்கு ஊதுவான், ஊதறவன் எங்கனா பொஞ்சாதிய இட்டுக்கினு காத்து வாங்கினு கீவான், அஞ்சி மணி வண்டி போயி அரெ மணி ஆவுது என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு நான் யாரென்று தெரியாது, தெரியாமலேயே சரியாகச் சொன்னான்.

உன் அம்மா முகம் சட்டென்று மாறிப்போயிற்று. அண்ணி பசியா கெடப்பாங்க என்றாள், அவ்வளவுதான், ஈரப் புடவையோடு நடக்க ஆரம்பித்தாள். அடுத்த வண்டிக்கு வெகு நேரம் இருந்தது. தண்டவாளத்தை ஒட்டித் திருவொற்றியூர் வரை நடை. அவள் முன்னால், நான் பின்னால், என் முழங்கால் எனக்கும் பின்னால். பொறுக்கின மட்டியை வழியில் எங்கே போட்டாளோ தெரியாது. ஒருதரம் மட்டும் திரும்பி, நா சிர்ச்சதுக்கு இது என்றாள். திருவொற்றியூரில் ஒரு ஜட்கா கிடைத்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது விளக்கு வைத்து ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும்.

உள்ளே பார்த்தால், அத்தை தலையணையில் சாய்ந்திருக்கிறாள், பிலோமி கிழங்கான் மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து உருட்டி உருட்டிக் கொடுக்கிறாள், என் அக்காள் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கொயம்பு வுடு என்று கோணல் வாயால் கேட்டாள். பிலோமி நாலு தரம் கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம், நாங்கள் வரச் சற்று முன்னால் தானாகவே, பசிக்குது, எதுனா குடு என்றாளாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உன் அம்மா கால் கழுவிக்கொண்டு சமையல் பக்கம் போனாள், சந்தோஷத்தில் போகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அவ்வளவுதான் புத்தி. போய்ப் பார்த்தால் அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து அழுகிறாள். என் கை இல்லன்னா துண்ண மாட்டாங்கன்னு தானே ரெண்டு வருசம் இந்த வாசப்படி தாண்டாம கெடந்தேன் என்றாள். கோபமா, வெட்கமா, ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, மூன்றும் இருந்தது. இரண்டு நாள் பாத்திரங்கள் சத்தம் போட்டன. எனக்கு அந்தச் சத்தம்கூட நன்றாயிருந்தது, ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

புதன்கிழமை காலை அத்தைக்கு ஊட்டிக்கொண்டே, அண்ணி, இந்த நாயித்துக்கெயமெ நான் கடக்கரைக்குப் போறேன், இருக்கறவங்க கையால துண்ணணும் என்றாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை மென்று விழுங்கிவிட்டு, போயேன், நா இன்னா உன் முந்தானியெ புட்ச்சினா கீறேன் என்றாள். உன் அம்மா அடுத்த கவளத்தை உருட்டினாள்.

பூவம்மா, உன் அத்தை பொல்லாதவள் என்று நான் சொல்ல வரவில்லை. படுத்துக் கிடக்கிறவளுக்குப் பழகின கை ஒன்று வேண்டியிருந்தது, கொடுத்தவளுக்கும் தன்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு எண்ணம் ஊறிப்போச்சு. ஒருநாள் வண்டியைத் தவறவிட்டதில்தான் தெரிந்தது. நான் வேண்டுமென்றே தவறவிட்டேன் என்று பிலோமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு மூளை இருந்திருந்தால் ஏன் கரி அள்ளுகிறேன். ஆனால் மறுக்கவில்லை, இருக்கட்டும்.

இதை நான் எழுதுகிற இந்த நேரம் உன் அம்மா வீட்டில் இல்லை. பிலோமியும் அவளுமாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். ஒன்றும் செய்யப்போவதில்லையாம், ஈர மணலில் கொஞ்சம் நடப்பார்களாம், உட்காருவார்களாம். அத்தைக்கு மத்தியானம் நான்தான் ஊட்டினேன். உன் கை கலீஜ், கரி நாறுது, உருண்டையும் பெருசு என்று திட்டிக்கொண்டே ஒரு வட்டில் சோற்றையும் முடித்தாள். இப்போது தூங்குகிறாள். அலுப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, நாளைக்கு மறுபடியும் கரி, மறுபடியும் குழாயடி, மறுபடியும் துணி துவைப்பு, அது எங்களை விடாது. போகும்போது உன் அம்மா வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தாள், நான் தலையை ஆட்டவில்லை, இந்தக் காகிதத்தைப் பார்க்கிறவன்போல் இருந்துவிட்டேன். அப்புறம் அவள் போய்விட்டாள்.

ஆகையால் நீ செய்யவேண்டியது. வருகிற ஞாயிறு குழந்தைக்குப் பால் கொடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீ தனியாக ஏரிக்கரை வரை நடந்து போய் வா. வெயில் தாழ்ந்து போ, தலைக்கு முந்தானை போட்டுக்கொள், கல் தடுக்கும், செருப்பில்லாமல் போகாதே. குழந்தை அழும், அழட்டும், மாப்பிள்ளைக்கும் இரண்டு கை இருக்கிறது, பழகட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தோடு இதையும் படித்துக் காட்டு, நான் சொன்னதாகச் சொல், கோபம் வந்தால் என் மேல் வரட்டும், நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். குழந்தை நெற்றியில் எங்கள் இருவர் முத்தமும், அத்தை பெயரால் ஒன்றும் கொடுக்கவும். எல்லாரும் தீர்க்காயுசாய், நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும்.

மறக்காதே. அடுத்த கடுதாசியில் குழந்தை எவ்வளவு நேரம் அழுதது என்று எழுதாதே. ஏரியில் என்ன பார்த்தாய் என்று எழுது. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
க. அப்பாவு.