பூட்டிய அறையில் பொம்மைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் மனசில் காய்ச்சல். நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் சமைத்துப்போடும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு, ஆறு மாதம் முன்பு நீ வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் பெட்டி பெட்டியாக மரப்பொம்மையும் படப்புத்தகமும் அனுப்பியது அல்லவா? வந்த அன்றே மேற்பார்வையாளர் அம்மா எல்லாவற்றையும் என் மளிகை அறையில் அடுக்கிப் பூட்டிவிட்டார். கேட்டால், "உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். பிள்ளைகள் என் உருளைக்கிழங்கை உருட்டி விளையாடின. குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று நீங்கள் அனுப்பிய தாளோ சுவரில், என் தலைக்கும் மேலே ஒட்டியிருக்கிறது. யார் படிக்க?

திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். அன்று மட்டும் பொம்மை வெளியே வந்தது. படம் எடுத்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், போனார்கள். கார் தெருமுனை திரும்பவில்லை, அந்த அம்மா பொம்மைகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். 'கேள்வி' என்று நாங்கள் கூப்பிடும் மூன்று வயதுப் பெண் ஒரு மரக்குருவியை விடவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் அழவில்லையம்மா, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். நான் அந்த அம்மாவிடமிருந்து குருவியை வாங்கி அவள் கையிலேயே கொடுத்தேன். "கரண்டி பிடிக்கிற ஆளுக்கு இதுல என்ன வேலை?" என்று அந்த அம்மா கத்தினார். நிழலுக்கும் பயப்படும் எங்கள் டீச்சர் வந்து மற்ற பெட்டிகளையும் திறந்தார்.

மறுநாள் காப்பக நிர்வாகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். "பிள்ளைகளுக்கு வந்ததைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன்" என்று எழுதினேன். ஒரு வாரம் வரவேண்டாம் என்றார்கள். விஷயம் தெரிந்து தாய்மார்கள் வாசலை மறித்து நின்றதில் பூட்டு போய்விட்டது, என் தண்டனை போகவில்லை. போகட்டும். உன் அம்மாதான், "வாயைக் கொஞ்சம் வீட்டுல வச்சிட்டுப் போகக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

உங்கள் ஆட்கள் பார்த்துப்போனதைப் பற்றி அறிக்கை எழுதுவது நீ என்பதால் சொல்கிறேன். இனி உங்கள் ஆட்கள் சொல்லாமல் வரட்டும். அன்று எடுத்த படத்தை எங்கும் போடாதே. அதில் சிரிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பொம்மை அரைமணி நேரம்தான் சொந்தம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ நூறு வயது நிமிர்ந்து வாழ வேண்டும். எனக்குப் பதில் போடுவதற்கு முன்னால் உன் மேலதிகாரிக்கு எழுது.

இப்படிக்கு,
இந்த வாரம் வீட்டில் மட்டும் சமைக்கும்
உன் அப்பா