அறுபத்தொன்றுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில்

ரோக்கா மூரத்தா,
வெள்ளி இரவு

மதிப்பிற்குரிய நோர்மா அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். விடுதிக்காரியிடம் வேண்டாம், பாதிரியாரிடம் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், ரயில் ஏறும்வரை உங்கள் மகனிடமும் வேண்டாம். எங்கள் மொழி உங்களுக்குப் பாதிதான் புரியும் என்று சொன்னீர்கள். அதனால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன். புரியாத இடத்தை மறுபடி படியுங்கள். யாரிடமும் போய் அர்த்தம் கேட்காதீர்கள்.

நான் செராஃபினா. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கும் சவேரியோவின் மகள். மார்ச் மாதம் பள்ளிக் கணினியிலிருந்து உங்களுக்கு எழுதியது நான்தான். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீதானா அந்தப் புண்ணியவதி!" என்றீர்கள். நான் புண்ணியவதி இல்லை அம்மா. கடல் தாண்டி உங்களை இங்கே இழுத்து வந்தது என் முட்டாள்தனம்.

உங்கள் கொள்ளுத்தாத்தா ஃபொர்த்துனாத்தோ லமோரேயாவின் பிறப்புப் பதிவைக் கேட்டு நீங்கள் இரண்டு முறை அப்பாவுக்கு எழுதினீர்கள். இரண்டு முறையும் அப்பா "பதிவு கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அர்ஜென்டினாவில் ஒருத்தி பதினோரு வருடமாகத் தேடுகிறாள், இவர் எழுந்துபோய் ஓர் அலமாரியைத் திறக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபம். இணையத்தில் இருக்கும் 1889-ஆம் வருடப் பதிவேட்டை நானே பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கடைசியில் உள்ள பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, எதிரே அறுபத்திரண்டு என்ற எண்ணும் இருக்கிறது. உள்ளே போனால் அறுபத்தொன்று, அடுத்தது அறுபத்து மூன்று. ஆனால் அது நீதிமன்றத்துக்குப் போன பிரதி. இன்னொரு பிரதி எங்கள் நகராட்சியில் இருக்க வேண்டும். அதனால்தான் அப்பாவுக்குத் தெரியாமல், "நேரில் வாருங்கள், கட்டாயம் கிடைக்கும்" என்று எழுதினேன்.

நீங்கள் வந்த அன்று ஜன்னலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தவர் என் பெரியப்பா நத்தாலே. நீங்கள் உள்ளே வந்ததும் உங்கள் பையனை முன்னால் தள்ளி, "கொள்ளுத்தாத்தா பேரையே இவனுக்கு வச்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார். உங்கள் மகனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"ஃபொர்த்துனாத்தோவா? அட, வாடா தம்பி! இத்தன நாளா எங்க போயிருந்த?"

நீங்கள் சிரித்தீர்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, பார்த்தீர்களா?

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லதான் சாப்பாடு. ஆடு அடிக்கிறோம். பதிவ நானே தேடி எடுத்து மேசைல வச்சிடறேன், தங்கச்சி, நீ கவலப்படாத" என்றார். நீங்கள் அழுதேவிட்டீர்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதை எங்கள் ஊரில் 'ஆளை எழுப்புவது' என்போம். செத்தவன் திரும்ப எழுந்து நிற்கிறான் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அன்புக்காக வைத்திருப்பீர்கள். பெரியப்பா காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் சமையலறைக்கு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எத்தன கடுதாசி வந்துச்சு?"

"ரெண்டு" என்றார் அப்பா.

"எங்கிட்ட எத்தன சொன்ன?"

அப்பா ஒன்றைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. பெரியப்பா மேசையின் இழுப்பறையைத் திறந்து, "கைய வை" என்றார். அப்பா வைத்தார், நோர்மா அம்மா. யாரும் பிடித்து வைக்கவில்லை, அவராகவே வைத்தார். பெரியப்பா எழுந்து இடுப்பால் இடித்து இழுப்பறையை மூடினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் அம்மா குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எழுதுற கைதானே, ஒரு மாசம் லீவு போட்டுக்க" என்று பெரியப்பா சிரித்தார். போகும்போது என் தலையைத் தடவி, "இந்தக் குடும்பத்துல இவ ஒருத்திதான்டா உருப்படியா வேல செஞ்சிருக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா சோம்பேறி இல்லை. "கிடைக்கவில்லை" என்று எழுதி உங்களை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார். மூன்றாவதாக நான் எழுதிவிட்டேன்.

புதன்கிழமை பெரியப்பா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். எனக்குப் பரிசாம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். அதற்குள் இருந்தது அறுபத்திரண்டு. நகராட்சிப் பிரதியிலிருந்து சவரக் கத்தியால் ஓரமாக அறுத்து எடுத்த பக்கம்.

"படி. சத்தமா" என்றார்.

படித்தேன். நவம்பர் நான்காம் தேதி, காலை ஒன்பது மணி, கரி சுடும் தொழிலாளி ஒருவர் நேரில் வந்து, தன் மனைவிக்குப் பிறந்த ஆண் குழந்தையைக் காட்டினார், ஃபொர்த்துனாத்தோ என்று பெயர் சொன்னார், எழுதத் தெரியாததால் கையெழுத்திடவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் குழந்தை இருபத்தொரு வயதில், ஊர்த் திருவிழா ஊர்வலத்தில், சிலையைத் தோளில் சுமந்து வந்த என் எள்ளுத்தாத்தாவின் வாயில் சுட்டது. சிலை அவர்மேலேயே விழுந்ததாம். சுட்டவர் அன்றே மலையிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறிவிட்டார். உங்கள் வீட்டில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எதுக்குச் சுட்டாரு பெரியப்பா?" என்று கேட்டேன்.

"வாய்க்கால் தகராறுன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம்?"

ஓடியவர் கிடைக்காததால் எங்கள் குடும்பத்து ஆட்கள் இங்கே இருந்த அவருடைய சொந்தக்காரர்களைப் பிடித்தார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பிறப்புக்கும் பக்கவாட்டில் ஓரம் விட்டிருப்பார்கள். பின்னால் அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆனால், இறந்தால், அலுவலகத்தில் அந்த ஓரத்தில் குறிப்பார்கள். லமோரேயாக்களின் ஓரங்களில் எங்கள் ஆட்களும் குறித்திருக்கிறார்கள். கொன்ற ஒவ்வொருவருக்கும் மையால் ஒரு சின்னச் சிலுவை. நேற்று மதியம் அப்பாவின் சாவியை எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஏழு சிலுவைகள். தேதிகளைக் கழித்துப் பார்த்தேன், ஒருவனுக்கு வயது ஒன்பது. கடைசி ஆள் 1974-இல், எண்ணெய் ஆலையில், கம்பியால் கழுத்து இறுக்கப்பட்டு. அதற்குப் பிறகு இந்த ஊரில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

நீதிமன்றப் பிரதியின் பக்கத்தையும் எங்கள் ஆட்கள்தான் எடுத்தார்களாம். அது அடுப்பில் போய்விட்டது. இதை மட்டும் வைத்திருக்கிறார்கள், சிலுவை போட இடம் வேண்டும் என்று.

ஆடு அடித்ததும் நேற்றுதான். பெரியப்பா கத்தியைத் தன் மகன் கோசிமோவிடம் கொடுத்தார். அவனுக்குப் பத்தொன்பது வயது.

"ஏண்டா பாத்துக்கிட்டே நிக்கிற? ஆடுதானே? ஞாயித்துக்கிழமை இதவிட ஒல்லியா ஒண்ணு வருதே, அப்ப என்ன பண்ணுவ?"

கோசிமோ வாந்தி எடுத்தான். பெரியப்பா அவன் பிடரியைப் பிடித்து முகத்தை ரத்தச் சட்டியில் அமுக்கினார். "குடி. பழகிக்க." அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். நான் அங்கே இருப்பதையே அவர்கள் பொருட்படுத்தவில்லை. என் முன்னாலேயே எல்லாம் பேசினார்கள். சாப்பாடு முடிந்ததும் பள்ளத்தாக்கு விளிம்பில் இருக்கும் பழைய லமோரேயா வீட்டைக் காட்டுகிறேன் என்று கோசிமோ உங்கள் மகனை அழைத்துப் போவான். நீங்கள் மேசையிலேயே இருப்பீர்கள், பெரியப்பா உங்களுக்குப் பழம் வெட்டிக் கொடுப்பார்.

"அம்மாக்காரிய யாரும் தொடக்கூடாது" என்றார். "அவ திரும்பிப் போய் அங்க சொல்லணும்ல."

உங்கள் மகன் செவ்வாய்க்கிழமை என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டான். கழிவறை எங்கே என்று ஒன்று. இந்த ஊரில் பந்து விளையாட இடம் உண்டா என்று இன்னொன்று. இருக்கிறது, ஆலைக்குப் பின்னால், என்று சொன்னேன்.

இங்கே போலீசுக்குப் போகாதீர்கள். அவர்கள் கெட்டவர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் என்ன சொன்னாலும் முதலில் பெரியப்பாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். அது போதும், நம் எல்லோர் கதையும் முடிந்துவிடும்.

நாளை எனக்குப் பள்ளி உண்டு. பேருந்து ஏழரைக்கு நீங்கள் தங்கியிருக்கும் கடற்கரை ஊருக்கு வந்துவிடும். இதை உங்கள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவேன். எட்டு ஐந்துக்கு நேப்பிள்ஸ் ரயில் இருக்கிறது. பெட்டிகளை அறையிலேயே விட்டுவிடுங்கள், துணிகளைக் கொடியில் தொங்க விடுங்கள். கடற்கரைக்குப் போகிறோம் என்று விடுதிக்காரியிடம் சொல்லுங்கள், அவள் கோசிமோவின் சித்தி. தெருவில் உங்கள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

பதிவு கிடைக்காமல் நீங்கள் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம், அந்தப் பெரியவர் தருகிறேன் என்றாரே என்று நினைப்பீர்கள். அதனால் அதை எடுத்துவிட்டேன். பெரியம்மாவுக்குத் துணி மடிக்க உதவப் போனேன், டப்பாவைத் திறந்தேன், சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மன்னியுங்கள். சிலுவை இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இனி உங்களுக்கு இந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை.

யாராவது கேட்டால், நகராட்சிக்காரர் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார் என்று சொல்லுங்கள். அவர் உண்மையில் அதைத்தான் சொன்னார். அப்பாவைத் தவறாக நினைக்காதீர்கள். நான் நினைத்தது போதும்.

கடவுள் உங்கள் மகனுக்கு நரைத்த தலையைக் கொடுக்கட்டும். பல் விழுந்து, கண் மங்கி, பேரன்களைத் திட்டிக்கொண்டு அவன் கட்டிலில் கிடந்து சாகட்டும். அந்தப் பேரன்களில் ஒருவனுக்கும் அவன் பெயரை வைக்காதீர்கள்.

என்னை நினைத்து வருத்தப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் யாரும் அந்த டப்பாவைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் நான் அந்த வீட்டுப் பெண். என்னை யாரும்

கதவைத் தட்டுகிறார்கள்